பறந்தது விமானமா, எறிந்த கையா?

ஒரு தாளை எடு, விமானம் மடி, எறி. இன்னொரு தாளை வேறு விதமாக மடித்து அதையும் எறி. இரண்டாவது தூரமாகப் போனால் இரண்டாவதுதான் நல்ல விமானம், பரிசோதனை முடிந்தது, சார்ட்டில் ஒட்டிவிடலாம். பெரும்பாலான வீடுகளில் காகித விமானப் பரிசோதனை இப்படித்தான் நடக்கிறது. நானும் என் அக்கா மகனும் முதல் தடவை இதையேதான் செய்தோம். அரை மணி நேரத்தில் முடிவு கிடைத்துவிட்டது, அகல இறக்கைதான் ஜெயித்தது என்று எழுதியும் வைத்துவிட்டோம். மறுநாள் காலையில் சும்மா விளையாட்டுக்கு அதே இரண்டு விமானங்களை எறிந்தபோது முடிவு அப்படியே தலைகீழாக வந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் விமானத்தைப் பார்த்தேன்.

விமானத்தின் மேல் தப்பு இல்லை. நாங்கள் அளந்தது விமானத்தையே இல்லை, அதை எறிந்த கையை. முதல் நாள் ஒரு மாதிரி எறிந்திருக்கிறோம், மறுநாள் வேறு மாதிரி, அவ்வளவுதான். விமானம் மடிப்பது சுலபம். "மடிப்பை மாற்றியதால்தான் தூரம் மாறியது, வேறு எதனாலும் இல்லை" என்று தைரியமாகச் சொல்கிற மாதிரி எறிவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று யோசிப்பதற்குத்தான் பரிசோதனையைத் திட்டமிடுவது என்று பெயர். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் காற்று

பறக்கிற எதற்கும் நான்கு விசைகள். எடை கீழே இழுக்கிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, பதிலுக்குக் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது, இது தூக்கு விசை. எதிரில் இருக்கிற காற்று வேகத்தைக் குறைக்கிறது, இது இழுவை. முன்னால் தள்ளுவது உந்து விசை. நிஜ விமானத்துக்கு உந்து விசையை என்ஜின் தருகிறது, காகித விமானத்துக்கு உங்கள் கை தருகிறது, அதுவும் விரலை விட்டு நழுவுகிற அந்த நொடி வரைக்கும்தான். அதற்குப் பிறகு அது என்ஜின் இல்லாத சறுக்கு விமானம். கையில் இருக்கிற உயரத்தையும் வேகத்தையும் செலவழித்துக்கொண்டே போகிறது. தோள் உயரம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், மெதுவாக, தரைக்கு இணையாக விட்டதில் ஆறு மீட்டர் தள்ளிப் போய் இறங்கியது என்றால் ஒரு மீட்டர் உயரத்தைக் கொடுத்து நான்கு மீட்டர் தூரத்தை வாங்கியிருக்கிறது. இதைச் சறுக்கு விகிதம் என்பார்கள்.

விமானத்தின் எடையைத் தராசு இல்லாமலே கணக்குப் போடலாம். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். பதினாறு ஏ4 தாள்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஒரு சதுர மீட்டர் வரும், அந்த அளவு அப்படித்தான் வகுக்கப்பட்டது. தாள் கட்டின் மேல் 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால் ஒரு சதுர மீட்டர் 80 கிராம் என்று அர்த்தம். 80-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு தாள் 5 கிராம். இந்த ஐந்து கிராமை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு பேப்பர் கிளிப் வரப்போகிறது.

"எது நன்றாகப் பறக்கும்?" என்பது கேள்வி இல்லை

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் என்ஜின் வைத்துப் பறந்த முதல் பறப்பு 12 வினாடி நீடித்தது, போன தூரம் ஏறக்குறைய 36.5 மீட்டர். ஜப்பானின் டகுவோ டோடா 2010-இல் எறிந்த காகித விமானம் காற்றில் 29.2 வினாடி நின்றது. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் எறியப்பட்ட இன்னொரு காகித விமானம் 88 மீட்டருக்கு மேல் போனது. ஆக நேரத்திலும் சரி, தூரத்திலும் சரி, வெறும் காகிதம் ரைட் சகோதரர்களின் முதல் முயற்சியை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியிருக்கிறது.

ஆனால் நமக்கு இதில் முக்கியமான விஷயம் வேறு. அந்த இரண்டும் ஒரே மாதிரி விமானங்கள் இல்லை. நேரத்துக்கான விமானம் அகலமான இறக்கையோடு இருக்கும், அதைக் கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே எறிவார்கள், அது உயரத்தில் போய் நிதானமாகச் சுற்றிச் சுற்றி இறங்கும். தூரத்துக்கான விமானம் ஒடுங்கலான அம்பு மாதிரி, பலத்தோடு முன்னால் வீசப்படுவது. ஒன்றைக் கொண்டுபோய் மற்றதன் போட்டியில் விட்டால் தோற்றுவிடும். அதனால் "எந்த விமானம் நன்றாகப் பறக்கும்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, "நன்றாக" என்றால் என்ன என்று முதலில் முடிவு பண்ண வேண்டும். தூரமா, நேரமா, நேராகப் போவதா? ஒன்றை மட்டும் எடுங்கள்.

வீட்டுக்கு நான் தூரத்தைத்தான் சொல்வேன். காரணம் ஸ்டாப்வாட்ச். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்கு ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு ஆகாது. வீட்டுக்குள் பறப்பே ஒன்றரை, இரண்டு வினாடிதான் என்னும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் உங்கள் விரலே தின்றுவிடும். நேரத்தைத்தான் அளப்பேன் என்று பிடிவாதமாக இருந்தால் போனில் வீடியோ எடுங்கள். சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 படம், அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 0.03 வினாடிதான் இடைவெளி. படம் படமாக நகர்த்தி எண்ணினால் விரலை விட எவ்வளவோ மேல். அளவு நாடாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம் கேள்வியில் ஒரே ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். நாமாக மாற்றுவது சாரா மாறி. அதனால் மாறுகிறதா என்று அளந்து பார்ப்பது சார்ந்த மாறி. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். பெயர் மறந்துபோனாலும் பரவாயில்லை, மூன்றாவது வகையில் எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது என்பது மறக்கக்கூடாது: தாள் ஒரே கட்டிலிருந்து வந்ததா, மின்விசிறி நின்றிருக்கிறதா, ஜன்னல் மூடியிருக்கிறதா, எறிகிற உயரம், கோணம், வேகம், எறிகிற ஆள். காகிதம் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், அதனால் கொஞ்சம் கனம் கூடி விறைப்பும் குறையும். ஆகவே பாதியை இன்றைக்கும் பாதியை மழை பெய்கிற இன்னொரு நாளிலும் செய்யாதீர்கள்.

முதலில் தன்னோடு தானே மோதட்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். இரண்டு விமானங்களை ஒப்பிடுவதற்கு முன்னால், ஒரே விமானத்தை எதையும் மாற்றாமல் பத்துத் தடவை எறியுங்கள். கிடைத்ததை எல்லாம் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, மீட்டர் கணக்கில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 5.2, 6.1, 4.4, 5.8, 3.1, 6.0, 5.5, 4.9, 6.4, 5.6. சராசரி 5.3 மீட்டர். ஆனால் சராசரியை விடுங்கள், வீச்சைப் பாருங்கள்: குறைந்தது 3.1, கூடியது 6.4. ஒரே விமானம், ஒரே ஆள், ஒரே அறை, வித்தியாசம் 3.3 மீட்டர். இன்னும் ஒரு வேடிக்கை. முதல் மூன்று எறிதலின் சராசரி 5.2, அடுத்த மூன்றுக்கு 5.0, அதற்கடுத்த மூன்றுக்கு 5.6. வழக்கமாக ஒவ்வொரு விமானத்தையும் மூன்று தடவைதான் எறிவோம் இல்லையா? நான்காவதிலிருந்து ஆறாவது வரையுள்ள எறிதல்களுக்கு "அகல இறக்கை" என்றும், ஏழிலிருந்து ஒன்பது வரைக்கு "குறுகிய இறக்கை" என்றும் பெயர் வைத்திருந்தால், குறுகிய இறக்கை அறுபது செ.மீ. கூடுதலாகப் பறக்கிறது என்று சார்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்போம். எதையுமே மாற்றவில்லை என்பதுதான் உண்மை. அக்கா மகனுக்கும் எனக்கும் நடந்தது இதுதான்.

இதை இன்னும் அழுத்தமாகப் பார்க்க வேண்டும் என்றால் ஒரே மாதிரி இரண்டு விமானம் மடியுங்கள், ஒன்றின் வாலில் சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி, மற்றதில் நீலப் புள்ளி. இரண்டையும் பத்துப் பத்துத் தடவை எறிந்து போட்டி வையுங்கள். ஏதாவது ஒன்று கட்டாயம் முந்தும், துல்லியமாகச் சமமாக வருவது அபூர்வம். மை வண்ணத்தால் தூரம் மாறாது என்று நமக்குத் தெரியும், அப்படியானால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? மடிப்பில் உள்ள சின்னச் சின்ன வேறுபாடும் உங்கள் கையும்தான். அந்த வித்தியாசத்தை எழுதி சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் கண்டுபிடிக்கிற எந்த வித்தியாசமும் இதை விடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் பேசுவதற்கே தகுதி.

இந்தத் தள்ளாட்டத்தைக் குறைக்க இரண்டே வழி. ஒன்று, எறிவதை ஒரே சீராக்குவது. இன்னொன்று, நிறைய எறிவது. நிறைய எறிந்தால் அதிகமும் குறைவும் ஒன்றையொன்று சரிக்கட்டும், ஆனால் அது கொஞ்சம் கஞ்சத்தனமான வழி: எறிதலை நான்கு மடங்காக்கினால் சராசரியின் தள்ளாட்டம் பாதிதான் குறையும். அதனால் முதலில் கையைச் சரிசெய்வது லாபம்.

கையைச் சரிசெய்வதற்கு எனக்குப் பிடித்தது ரப்பர் பேண்ட். ஒரு பலகையின் முன்முகப்பில், மேல்பரப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஆணி. அதில் ரப்பர் பேண்டை மாட்டுங்கள். விமானத்தின் அடிமடிப்பில், மூக்குக்குக் கொஞ்சம் பின்னால் சாய்வாக ஒரு சின்ன வெட்டு. அந்த வெட்டில் ரப்பரைக் கோத்து, பலகையில் போட்டிருக்கிற கோடு வரைக்கும் வாலைப் பிடித்து இழுத்து விட வேண்டியதுதான். கோடு மாறாத வரைக்கும் ரப்பரை இழுக்கிற அளவும் மாறாது. கோணத்தைப் பலகைக்கு அடியில் வைக்கிற புத்தகம் பார்த்துக்கொள்ளும். ரப்பர் நாளடைவில் தளரும், அதனால் பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். முன்னால் யாரும் நிற்கக்கூடாது, கூர்மூக்கு கண்ணில் பட்டால் விபரீதம். பலகை, ஆணி எல்லாம் முடியாது என்றால் கையாலேயே எறியலாம், ஆனால் முழு பலத்தோடு வேண்டாம். தோள் உயரத்தில் சுவரில் ஒரு கோடு போட்டு, அந்த உயரத்தில் மெதுவாக, ஈட்டி தள்ளுகிற மாதிரி விடுங்கள். பலமாக எறியும்போதுதான் கை அதிகம் ஏமாற்றும்.

ரைட் சகோதரர்களும் இதே சிக்கலில்தான் மாட்டினார்கள். 1901-இல் அவர்களுடைய சறுக்கு விமானம் கணக்குப்படி தூக்க வேண்டிய அளவுக்குத் தூக்கவில்லை. திறந்தவெளியில் காற்று தன் இஷ்டத்துக்கு மாறும், அதில் எந்த இறக்கை மேல் என்று எப்படிச் சொல்வது? ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, ஒரு முனையில் விசிறியை வைத்துச் சீராகக் காற்றை ஓடவிட்டு, அதற்குள் சின்னச் சின்ன இறக்கை மாதிரிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். சுமார் 200 வடிவங்கள். உங்கள் ரப்பர் பேண்ட் பலகை அந்தப் பெட்டிக்குத் தூரத்துச் சொந்தம்.

ஒரு கிளிப்பை வைத்து முழுப் பரிசோதனை

சரி, இப்போது நிஜக் கேள்வி. "மூக்கில் கிளிப் வைத்தால் தூரம் கூடுமா?" இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இறக்கை அகலத்தை மாற்றினால் வேறு மடிப்பு, வேறு தாள், மடித்ததில் வேறு தவறு என்று நான்கு விஷயம் சேர்ந்து மாறும். கிளிப்பை மாட்டலாம், கழற்றலாம், விமானம் அதே விமானம்.

சிறிய கிளிப் ஒன்று ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். உங்களுடையது எவ்வளவு என்று பார்க்க ஒன்றை மட்டும் நிறுத்தாதீர்கள், சமையலறைத் தராசு அதை மதிக்காது. இருபதைச் சேர்த்து நிறுத்தி இருபதால் வகுங்கள். அரை கிராம் என்றால் அற்பமாகத் தெரியும், ஆனால் விமானமே ஐந்து கிராம்தான். பத்து சதவீதம்.

எறிவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். இதுதான் கருதுகோள். வெறுமே "கூடும்" என்று எழுதினால் அது ஆரூடம். "கிளிப் எடையின் மையத்தை முன்னால் கொண்டு போகும், அதனால் மூக்கு மேலே எகிறாது, எகிறி வேகத்தை இழக்காததால் தூரம் கூடும்" என்று எழுதினால், அதில் உடைத்துப் பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது. மூக்கு எகிறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்: விமானம் கிளம்பியதும் மூக்கைத் தூக்கும், தூக்கியதால் வேகம் குறையும், தொப்பென்று கவிழும், கவிழ்ந்ததில் மறுபடி வேகம் பிடித்து மறுபடி தூக்கும், இப்படி அலை அலையாகப் போய் நாலு அடியில் விழும். எடை பின்னால் அதிகமாக இருப்பதன் அடையாளம் அது.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த பொறி. மூக்கில் கிளிப் வைத்து எறிந்தீர்கள், தூரம் கூடியது. எதனால்? எடை முன்னால் போனதாலா, மொத்த எடை கூடியதாலா? கிளிப் ஒன்றுதான், ஆனால் அது இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டது. ஒன்றைத்தான் மாற்றினோம் என்று நாம் சத்தியம் பண்ணுவோம். கையில் இருந்தது ஒரு கிளிப் என்பதால் வந்த மயக்கம்.

பிரிப்பதற்கு வழி சுலபம். இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் ஆள்காட்டி விரல்களைக் கொடுத்து விமானத்தைத் தூக்குங்கள், முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிற இடம் வரும், அதைப் பென்சிலில் குறியுங்கள். சமநிலைப் புள்ளி அதுதான். இப்போது நான்கு நிலைகள்: கிளிப் இல்லாமல், கிளிப் மூக்கில், கிளிப் சமநிலைப் புள்ளியில், கிளிப் வாலில். புள்ளியில் வைக்கும்போது எடை கூடுகிறது, சமநிலை மாறவில்லை. மூக்கில் வைக்கும்போது இரண்டும் மாறுகிறது. மூக்கில் வைத்ததற்குத் தூரம் கூடி, புள்ளியில் வைத்ததற்குக் கூடவில்லை என்றால் காரணம் எடை இருக்கும் இடம்தான், எடையின் அளவு இல்லை. இரண்டிலும் ஒரே மாதிரி கூடினால் நம் கருதுகோள் அவுட். வாலில் வைத்தது படுமோசமாக வந்தால் கருதுகோளுக்கு இன்னொரு சாட்சி. பாருங்கள், எறிவதற்கு முன்னாலேயே எந்த முடிவு வந்தால் என்ன சொல்வோம் என்று எழுதியாகிவிட்டது. வந்த பிறகு யோசித்தால் எதற்கும் ஒரு காரணம் சொல்லிவிடலாம், மனித மூளை அதில் கில்லாடி.

2022-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே விஷயத்தைத் தட்டையான மெல்லிய தகடுகளில் விரிவாகச் செய்து பார்த்தார்கள். எடை நடுவில் இருந்தால் தகடு தத்தளித்துப் புரண்டு விழுகிறது, ரொம்ப முன்னால் போனால் குத்திக்கொண்டு இறங்குகிறது, நடுவுக்கும் முன்விளிம்புக்கும் இடையில் ஓரிடத்தில்தான் நிதானமாகச் சறுக்குகிறது. ஒரு சாதாரணத் தாளை மடிக்காமல் விட்டும், பிறகு அதன் முன்விளிம்பில் கொஞ்சம் டேப் ஒட்டி விட்டும் பாருங்கள், உங்களுக்கே தெரியும். இதிலிருந்து நம் பரிசோதனைக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது: ஒரு கிளிப் உதவியது என்பதால் மூன்று கிளிப் மூன்று மடங்கு உதவும் என்று நினைக்கக்கூடாது. ஏறிப் பிறகு இறங்குகிற சங்கதி இது. எண்ணிக்கையைச் சோதிக்க ஆசை என்றால் அது இரண்டாவது பரிசோதனை, அதில் 0, 1, 2, 3 என்று நான்கு படிகளாவது வையுங்கள். வெறும் 0, 3 என்று இரண்டு படி வைத்தால் நடுவில் இருந்த மேடு கண்ணில் படாமலே போய்விடும்.

ரப்பர் பேண்டில் விடுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ரப்பர் தருகிற சக்தி ஒரே அளவு, அதனால் கனமான விமானம் கொஞ்சம் மெதுவாகத்தான் கிளம்பும், பத்து சதவீதம் எடை கூடினால் வேகம் ஐந்து சதவீதம் போலக் குறையும். இது நான்கு நிலைகளில் மூன்றுக்குப் பொது என்பதால் மூக்கு, புள்ளி, வால் மூன்றையும் தங்களுக்குள் ஒப்பிடுவதில் பிரச்சினை இல்லை.

எத்தனை எறிதல், எந்த வரிசையில்

ஒரு விமானத்தை வைத்துப் பத்துத் தடவை எறிந்தால் அந்த ஒரு விமானத்தைப் பற்றித் தெரியும். அதில் நீங்கள் மடித்த ஒரு கோணல் மடிப்பும் சேர்ந்தே தெரியும். அதனால் ஒரே மாதிரி மூன்று விமானங்கள் மடியுங்கள், மூன்றும் நான்கு நிலையிலும் பறக்கட்டும். மூன்று விமானம், நான்கு நிலை, மொத்தம் பன்னிரண்டு சேர்க்கை. ஒவ்வொன்றும் ஐந்து தடவை என்றால் அறுபது எறிதல். அளந்து எழுதுவதையும் சேர்த்து ஒரு மணி நேர வேலை, இரண்டு பேர் இருந்தால் அலுக்காது.

வரிசைதான் முக்கியம். முதலில் கிளிப் இல்லாமல் பதினைந்து, பிறகு மூக்கில் பதினைந்து என்று எறிந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவை விழும்போதும் மூக்கு நசுங்கும், இறக்கை தொய்யும். இன்னொரு பக்கம் உங்கள் கை பழகிக்கொண்டே வரும். பின்னால் வருகிற நிலைக்கு நசுங்கிய விமானமும் பழகிய கையும் கிடைக்கும், முன்னால் வந்ததற்குப் புது விமானமும் பழகாத கையும். எது எதைச் சரிக்கட்டியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் சீட்டுக் குலுக்குங்கள். பன்னிரண்டு சேர்க்கைகளையும் பன்னிரண்டு துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டம்ளரில் போட்டு, வருகிற வரிசையில் எறியுங்கள். பன்னிரண்டும் தீர்ந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக் குலுக்கி அடுத்த சுற்று. ஐந்து சுற்று. நசுங்கலும் பழக்கமும் நான்கு நிலைகளுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கு போடப்பட்டுவிடும்.

சீட்டுக் குலுக்குவது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். வயல்களில் உரப் பரிசோதனைகளைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த ஆர். ஏ. ஃபிஷர் என்ற இங்கிலாந்துப் புள்ளியியலாளர் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில்தான் தீர்மானிக்க வேண்டும் என்று வாதாடினார். பரிசோதனைகளைத் திட்டமிடுவது பற்றி 1935-இல் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. நிலத்தின் ஒரு மூலை செழிப்பாக இருந்தால் அந்த லாபம் ஒரே உரத்துக்குப் போய்விடக்கூடாது என்பதுதான் விஷயம். நமக்கு நசுங்கிய மூக்கு, அவருக்கு மண்.

குலுக்கலில் இன்னொரு வசதி, ஆசையைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். கையால் எறிந்தபோது நான் இதை நன்றாக அனுபவித்தேன்: மூக்குக் கிளிப் ஜெயிக்கும் என்று எழுதி வைத்திருந்தேன், அந்த முறை வரும்போதெல்லாம் தோள் தானாகக் கொஞ்சம் கூடுதலாக முன்னால் போனது. அக்கா மகன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் செய்திருக்கிறேன். விழுந்த இடத்தை அளக்கிறவர் எந்த நிலை என்று தெரியாமல் திரும்பி நின்று, விழுந்த பிறகு வந்து அளந்தால் இன்னும் நல்லது.

அளவு விதிகளையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். தூரம் என்பது எறிந்த கோட்டிலிருந்து விமானம் முதலில் தரையைத் தொட்ட இடம் வரை, வழுக்கிக்கொண்டு போய் நின்ற இடம் வரை இல்லை. வழவழப்பான தரையில் வழுக்கலே ஒரு மீட்டர் போகும். வளைந்து போனால் வளைவை அளப்பதா, நேர்கோட்டை அளப்பதா? நேர்கோடுதான், நாடா நேராகத்தான் போகும். சுவரில் மோதினால் அந்த எறிதல் செல்லாது, மறுபடி எறிய வேண்டும். பாதிக்கு மேல் சுவரில் மோதினால் உங்கள் அறை சிறியது, வேகத்தைக் குறையுங்கள் அல்லது ரப்பரைக் குறைவாக இழுங்கள்.

மேலே சொன்ன உதாரணத்தில் 3.1 என்று ஒன்று வந்ததே, அதை நீக்கிவிடலாமா? கை வழுக்கியது என்று அந்த நேரத்திலேயே குறித்திருந்தால், கை வழுக்கினால் செல்லாது என்று முதலிலேயே விதியும் இருந்தால் நீக்கலாம். எண் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கக்கூடாது. அதற்குப் பதிலாக சராசரியோடு இடைநிலை அளவையும் போடுங்கள், எல்லாவற்றையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் வருவது. அந்தப் பத்து எண்களுக்கு அது 5.55. ஒற்றைச் சொதப்பல் அதை அசைக்காது.

முடிவைப் படமாக வரையும்போது நான்கு பட்டைகளை வரைந்து நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு நிலைக்கும் பதினைந்து எறிதல், பதினைந்தையும் புள்ளியாக வையுங்கள். மூக்குக் கிளிப்பின் புள்ளிக் கூட்டமும் கிளிப் இல்லாததன் கூட்டமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், சராசரி என்ன சொன்னாலும் அடக்கி வாசியுங்கள். தனித்தனியாகப் பிரிந்து நின்றால் தைரியமாகச் சொல்லலாம். சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி விமானங்களின் வித்தியாசத்தைச் சுவரில் ஒட்டினோமே, அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள், அதற்காகத் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை.

நோட்டில் தூரத்துக்குப் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு பத்தி காலியாக விட்டிருந்தோம். மூக்கு எகிறியது, குத்தியது, மேசைக் காலில் பட்டது என்று கிறுக்குவதற்கு. அறுபது எறிதல் முடிந்து அதைப் புரட்டியபோது இரண்டாவது விமானத்துக்கு நேராக மட்டும் "இடது", "இடது", "லேசாக இடது" என்று பக்கம் பக்கமாக இருந்தது, கிளிப் எங்கே இருந்தாலும் சரி. அதைக் கண் மட்டத்துக்குத் தூக்கி முன்னாலிருந்து பார்த்தோம். ஒரு இறக்கையின் பின்விளிம்பு ஒரு மி.மீ. போல மேலே வளைந்திருந்தது. அக்கா மகன் அதை நீவிவிடக் கையை நீட்டினான்.

"டேய், தொடாதே. முதல்ல இப்படியே பத்துத் தடவை எறி."